ஜாங்கிரிக்கு ஈரல் வாங்கப் போன அண்ணன்

அண்ணன் போய் ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது. கறிக்கடை அப்படி ஒன்றும் தூரமில்லை, மார்க்கெட் முக்கு திரும்பினால் நாலாவது கடை, நான் நடந்தால் பத்து நிமிஷம், அண்ணன் நடைக்கு எட்டு, போக எட்டு வர எட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று ஒரு பதினைந்தைச் சேர்த்தாலும் இந்நேரம் வாசல் கேட் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. புறவாசலில் மூன்று செங்கல் வைத்த அடுப்பில் அரிசியும் பூசணிக்காயும் கேரட்டும் பீன்ஸும் ஒன்றாகக் கொதிக்கின்றன, ஓரத்தில் கட்டுகிற நுரையைக் கரண்டியால் தள்ளிக்கொண்டிருக்கிறேன், ஜாங்கிரி என் காலடியில் தன் பெயருக்கு ஏற்றபடி சுருண்டு கிடக்கிறான், மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து சட்டியைப் பார்த்தபடி. வருவார்டா, வருவார். எனக்கா சொல்லிக்கொள்கிறேன் அவனுக்கா என்று தெரியவில்லை. பிரமநாயகம் சார் கறிக்கடை வாசலில் நிற்கிறார் என்று கோவில்பட்டியில் ஒரே ஒருத்தர் பார்த்தால் போதும், நாளைக்கு முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் பூரா பரவிவிடும். இருபத்தெட்டு வருஷமாகத் தமிழ் வாத்தியார். உயிரைக் கொன்று தின்னக் கூடாது என்று பாடம் நடத்தும்போது அவர் குரல் உடைந்துவிடும், முந்தின நாள் கோழிக்குழம்பு தின்றுவிட்டு வந்த கடைசி பெஞ்சுக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொள்வான் என்று அவருடைய பழைய மாணவர்கள் என் தபாலாபீஸ் கவுன்ட்டரில் ஸ்டாம்ப் வாங்கும்போது சொல்வார்கள். நான் சிரித்துக்கொண்டே ஸ்டாம்பைக் கிழித்துக் கொடுப்பேன், உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அந்த அண்ணன்தான் இன்று காலை குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி, என் கையிலிருந்த ஒயர் கூடையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, "நீ அடுப்பைப் பாரு. நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திருநீற்றையாவது கொஞ்சம் அழித்துவிட்டுப் போங்கண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். சொல்லாததும் நல்லதுதான். சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு இன்னொரு தரம் பூசியிருப்பார்.

இவனைக் கொண்டுவந்ததும் அவர்தான், அதை நான் மறந்துவிடக் கூடாது. ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் செட்டில் நாய்க்குட்டியாகக் கிடந்தானாம், பரீட்சைத் தாள் கட்டு வைக்கிற துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார், தாள் எல்லாம் கையில், நனைந்து. "ரெண்டு நாளைக்குத்தாம்ட்டி, யாருகிட்டயாவது குடுத்துருவோம்" என்றார். இரண்டு நாளா? அண்ணனும் தங்கையுமாக, கல்யாணம் என்ற ஒன்றை இரண்டு பேருமே ஏதேதோ காரணத்தில் தள்ளித் தள்ளி வைத்து, ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் அது எங்களைத் தாண்டிப் போய்விட்டிருந்தது, இந்த வீட்டில் புதிதாக ஓர் உயிர் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று. ராத்திரியே பெயர் வைத்தாகிவிட்டது. நான் ஊட்டினேன். ஊட்டுவதுதானே எனக்குத் தெரியும், பதினாறு வயதில் அம்மா போனதிலிருந்து இந்த வீட்டுக் கரண்டி என் கையில்தான். காலையில் பால் சோறு, மத்தியானம் நெய் விட்டுக் குழையப் பிசைந்த பருப்புச் சோறு, சாயங்காலம் பிஸ்கட், அப்புறம் அண்ணன் பங்குக்கு ஒரு கடலைமிட்டாயை நாலாக உடைத்து ஒவ்வொரு துண்டாக, இருட்டினால் ரசஞ்சோறு. வயிறு உருண்டையாகிவிட்டது, பார்க்கிறவர்கள் எல்லாம் கொழுக்கட்டை மாதிரி இருக்கானே என்றார்கள், எனக்குப் பூரிப்பு. நாலு மாதத்தில் ஒரு நாள் எழுந்து நின்றான், முன்னங்கால் இரண்டும் அடைப்புக்குறி மாதிரி வெளிப்பக்கம் வளைந்து நின்றன. நான் சிரித்தேன். அதுதான் என்னால் மறக்க முடியவில்லை, முதலில் சிரித்தேன், பாருங்கண்ணே ரிக்‌ஷாக்காரர் மாதிரி நிக்கான் என்று. ஒரு வாரம் கழித்து நாலு அடி வைத்தால் உட்கார்ந்துவிட்டான். தூக்கினால் முனகினான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா பெயர் ஜெபசீலி, சின்னப் பெண்தான், காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், "என்னம்மா சாப்பிடக் குடுக்கீங்க?" என்று கேட்டாள். நான் பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன், நெய்யைக்கூட விடவில்லை, வீட்டில் காய்ச்சிய நெய் என்றும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "வயிறு நல்லா நிறையுதும்மா. எலும்புக்கு என்ன போகுது?" என்றாள். "வளர்ற குட்டி. முட்டை, கறி, சுண்ணாம்புச் சத்து எல்லாம் வேணும். வெறும் சோத்துல எலும்பு இளகிப்போயிரும், உடம்பு பாரத்தைத் தாங்க முடியாம வளையும். மாத்திக் குடுங்க, ஆறு வாரம் பாப்போம்." நிமிரலேன்னா என்று கேட்டேன். "இப்பவே எதுக்கும்மா அது" என்று மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டாள். ஆட்டோவில் அவனை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அழுதேன். முப்பத்தோரு வருஷம் சமைத்திருக்கிறேன், ஒருத்தரும் உன் சாப்பாட்டில் குறை இருக்கிறது என்று சொன்னதில்லை, சொன்னது இந்த வளைந்த கால்தான், அதுவும் வாய் திறந்து சொல்லவில்லை, வளைந்து காட்டியது. அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தபடியே வந்தார், வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார், "உன் கைச் சோத்தத் தின்னுட்டுத்தான் நானும் நடக்கேன். அழாத." நல்ல வார்த்தைதான். ஆனால் சீட்டில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. எலும்பெடுத்த கோழி, முட்டை, வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் ஈரல். "இந்த வீட்டு அடுப்புல அது ஏறாது செண்பகம்." வீட்டு அடுப்பில் ஏற்றவில்லை, புறவாசலில் செங்கல் வைக்கிறேன் என்றேன். கூடாதவை எவை என்று அடுத்ததை வாசித்தேன், உப்பு கூடாது, திராட்சை கூடாது, மிட்டாய் அறவே கூடாது, வெங்காயம் பூண்டு ஆகவே ஆகாது. அங்கேதான் அவருக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "வெங்காயம் பூண்டு ஆகாதாமா? அப்ப நம்மளவிடப் பெரிய ஆசாரக்காரம்லா இவன்." சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு கொதி அடங்கியிருக்கிறது, சுள்ளி ஒன்றை உள்ளே தள்ளுகிறேன், ஜாங்கிரி கண்ணை மூடித் திறக்கிறான். ரமீஜா மட்டும் அடுத்த வீட்டில் இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேன். அவள்தான் இந்தச் சட்டியைத் தந்தாள், அவள்தான் ஒவ்வொரு தரமும் கடையில் வாங்கி வருவாள், முதல் நாள் நான் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "கறியத்தான வேகவைக்கப் போற, ஆபரேஷனா பண்ணப் போற?" என்று சிரித்தாள். கோழித்துண்டை விரலால் தொட்டபோது குளிர்ந்து வழுக்கியது, உள்ளங்கை கூசித் தோள் வரைக்கும் ஏறியது, கையை எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன் என்று கணக்கில்லை. வாடை தாங்கவில்லை. கிணற்றடிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் இவன் அந்த வளைந்த காலில் எழுந்து நின்று, வால் இரண்டு பக்கமும் அடிக்க, மூக்கு ஆகாயத்தில். தட்டில் வைத்ததும் அவன் தின்ற தின்னு இருக்கிறதே! என் நெய்ச்சோற்றை அவன் அப்படித் தின்றதே இல்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது, யார்மேல் என்று கேட்டால் கோழிமேல்தான். நாலாவது நாள் அண்ணன் புறவாசல் நடையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். "தின்னானா?" என்றார். தின்னான் என்றேன். "மிச்சம் வச்சானா?" என்றார். விட்டா தட்டையும் தின்னுருப்பான் என்றேன். உள்ளே போய்விட்டார், ஆனால் மறுநாளிலிருந்து புறவாசல் கதவு சாத்தப்படவில்லை. அடுத்த வாரம் பூசணிக்காயைத் தோல் சீவி நறுக்கி வைத்திருந்தார். அதற்கடுத்த வாரம் நான் தராசில் முட்டையையும் சோற்றையும் நிறுத்துக்கொண்டிருந்தால், தபாலாபீஸில் பார்சல் நிறுத்துப் பழகிய கை, கண்ணளவு எனக்கு ஒத்துவராது, பக்கத்தில் வந்து நின்று, "சோறு ரெண்டு கிராம் கூடுது, எடு" என்கிறார். இப்படித்தான் வந்தோம். ஒரு விஷயம் மட்டும் அவரிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் ஈரல் வெந்துகொண்டிருந்தபோது அந்த ஆவி முகத்தில் அடித்தது, என் வாயில் எச்சில் ஊறியது. பயந்துபோய்க் கரண்டியை வைத்துவிட்டேன். நாற்பத்தேழு வருஷம் ஒன்றுக்கும் ஊறாத நாக்கு. தின்ன வேண்டும் என்றில்லை, சத்தியமாக இல்லை, மழை பெய்யும்போது மண்வாசனையை மூக்கு இழுத்துக்கொள்கிறதே, அது மாதிரி. பசித்திருக்கும், அவ்வளவுதான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டேன். அப்படித்தான் இருக்கும்.

ஐம்பத்தைந்து நிமிஷம். ரமீஜா மகளுக்குப் பிரசவம் என்று மேலப்பாளையம் போயிருக்கிறாள், பேத்தி பிறந்திருக்கிறாளாம், நேற்று போனில் அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும், நாளைக்கு ஈரல் நாளாச்சே என்ன செய்வ என்று கேட்டாள். நான் போகிறேன் என்று துணிந்துதான் கூடையை எடுத்தேன். அண்ணன் பிடுங்கிக்கொள்வார் என்று யார் கண்டது? பாதி வழியில் மனசு கேட்காமல் செண்பகவல்லியம்மன் கோயிலுக்குத் திரும்பிவிட்டாரோ, தெப்பக்குளத்துப் படியில் வெறும் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாரோ. கடை வாசலில் தொங்குவதைப் பார்த்து மயக்கம் வந்திருக்குமோ, காலையில் ஒரு காப்பிதான் குடித்தார், ஐம்பத்தைந்து வயது, விழுந்தால் யாராவது தூக்குவார்கள், திருநீறு பூசிய ஆள் கறிக்கடையில் விழுந்து கிடக்கிறார் என்றால் என்ன நினைப்பார்கள். அல்லது பழைய ஹெட்மாஸ்டர் எதிரே வந்து, என்ன பிரமநாயகம் இந்தப் பக்கம் என்று கேட்டு, இவர் பொய் சொல்லத் தெரியாமல் நின்று. அவருக்குப் பொய் வராது. எனக்காகவாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்காகவா, இவனுக்காக. வருகிற வியாழக்கிழமை ஆறு வாரம் முடிகிறது. டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வாள். நான் இந்த ஐந்தரை வாரமும் அவன் காலைப் பார்க்கவில்லை, அதாவது பார்க்கிறேன், தின்னும்போது தலையைப் பார்ப்பேன், தூங்கும்போது முதுகைப் பார்ப்பேன், நடந்தால் சட்டியைக் கிண்டப் போய்விடுவேன். ரிசல்ட் வந்த பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிற பிள்ளை மாதிரி. அண்ணன் மட்டும் சாயங்காலம் அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். நிமிர்ந்திருந்தால் சொல்லியிருப்பார். சொல்லவில்லை என்றால் நிமிரவில்லை. இல்லை, நம்பி ஏமாந்துவிடக் கூடாது என்று சொல்லாமல் இருக்கலாம். இப்போது பார்த்தால் என்ன? இதோ என் காலடியில்தானே கிடக்கிறான், சுருண்டு, நாலு காலையும் வயிற்றுக்குள் மடக்கி. சுருண்டு கிடக்கிறவன் காலில் என்ன தெரியும். அப்புறம் பார்ப்போம். சோறு குழைந்துவிட்டது, விறகை இழுத்துவிடுகிறேன், முட்டையை உரிக்க வேண்டும்.

கேட்.

ஜாங்கிரி எழுந்துவிட்டான். எழுந்ததை நான் பார்க்கவில்லை, காலடியில் இருந்த சூடு சட்டென்று இல்லாமல் போனதை உணர்ந்தேன், திரும்பினால் அவன் வீட்டுப் பக்கவாட்டு முடுக்குக்குள் பாய்ந்துகொண்டிருக்கிறான். பாய்கிறான். நடக்கவில்லை, ஆடி ஆடிப் போகவில்லை, வயிறு தரையைத் தொடாமல், காதிரண்டும் பின்னால் மடங்க, முன்னங்கால் இரண்டும் நீண்டு மடங்கி நீண்டு மடங்கி, நேராக, இரண்டு கோடு கிழித்த மாதிரி நேராக. பார்த்துவிட்டேன். கையில் பாதி உரித்த முட்டை, நானும் ஓடுகிறேன், முடுக்குச் சுவரில் முழங்கை உரசுகிறது, உரசட்டும். முன்வாசலில் அண்ணன் வேட்டியில் அவன் இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறான், அண்ணன் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இருடே, இருடே, உனக்குத்தாம்டே, வேகவைக்காமலா திம்பே?" என்கிறார். அவர் முகத்தில் நான் பயந்த ஒன்றுமே இல்லை. முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை, திருநீறு பாதி அழிந்து, என்னைப் பார்த்ததும், "ஏட்டி, உனக்கு ஒரு விஷயம் தெரியுமா" என்று தொடங்கிவிட்டார். முதலில் இவனைப் பாருங்கண்ணே, ஓடினான் அண்ணே, என் கண்ணால பார்த்தேன் என்றேன். "பத்து நாளா ஓடுதான். நீயாப் பாக்கட்டும்னு இருந்தேன். அது கிடக்கட்டும், இதக் கேளு" என்றார். பத்து நாளாகவா! நான் முட்டையோடு நிற்கிறேன். சிரிப்பதா அழுவதா, எதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

"கடைக்காரன் என் மாணவம்ட்டி. எட்டாப்பு பி செக்‌ஷன்ல படிச்சானாம். என்னப் பாத்ததும் கத்திய வச்சிட்டு எந்திரிச்சு நிக்கான். சாருக்கு முதல்ல குடுக்கேன்னு சொல்லுதான், இருவது பேரு திரும்பிப் பாக்காவ. வரிசைப்படியே குடுன்னு நான் கடைசியில போயி நின்னுக்கிட்டேன். என் முறை வந்ததும் கல்லீரல் எண்பது கிராம்னேன். யாருக்கு சார், டாக்டர் சொன்னாரான்னு கேக்கான். எங்க வீட்டுக் குட்டிக்கு, கால் வளைஞ்சிருந்துச்சு, நேராகிட்டு வருதுன்னேன். அப்படியே எல்லாருக்கும் கேக்கச் சொன்னேன்." எல்லாருக்கும் கேட்கவா அண்ணே. "பெறகு என்ன, குசுகுசுன்னா சொல்ல முடியும்? அதுக்குப் பெறகு கேட்டாம் பாரு, சுவரொட்டியும் போடவா சார்னு. எனக்குத் திக்குனு ஆயிட்டு. சுவரொட்டி எதுக்குப்பா, எலக்ஷனா வருதுன்னேன். கடையே சிரிச்சிச்சு." அவரே சிரிக்கிறார், கூடை ஆடுகிறது, ஜாங்கிரி கூடையோடு சேர்ந்து தலையை ஆட்டுகிறான். "மண்ணீரலுக்கு அதாம்ட்டி பேரு! உள்ள விலாச் சுவர்ல ஒட்டிக்கிட்டே இருக்குமாம், அதனால சுவரொட்டி. எந்தப் புலவன் வச்சிருப்பான் இந்தப் பேர? இத்தன வருசமா தமிழ் சொல்லிக் குடுக்கேன், ஒரு அகராதியிலயும் கண்ணுல படல." அதனால்தான் இவ்வளவு நேரமா என்று கேட்டேன். பதிலுக்குச் சட்டைப்பையிலிருந்து டயரியை எடுத்துக் காட்டுகிறார், ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறது, கடைக்காரர் வெட்ட வெட்ட ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டு எழுதியிருக்கிறார், வரிசையில் நின்ற பெண்கள்கூடச் சொல்லித் தந்தார்களாம், இதற்குத் திருநெல்வேலிப் பக்கம் வேறு பெயர், மதுரைப் பக்கம் வேறு பெயர் என்று சண்டையே நடந்ததாம். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நானே போறேன். நுரையீரலுக்கு ஒரு பேரு இருக்காம், அவன் அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்னான்."

ஈரலைக் கழுவி, வேகவைத்து, பொடியாக நறுக்கி, சோற்றோடும் காயோடும் முட்டையோடும் பிசைந்து, சுண்ணாம்புச் சத்து டானிக்கை ஊற்றி ஆற வைக்கிறேன். ஆறுகிற வரைக்கும் ஜாங்கிரிக்குப் பொறுமை இல்லை, புறவாசலை இரண்டு தரம் சுற்றி ஓடுகிறான், இப்போது நான் பார்க்கிறேன், வேண்டுமென்றே காலை மட்டும் பார்க்கிறேன், பார்க்கப் பார்க்கப் போதவில்லை. பொதி பொதியாகத் தின்றே வளைந்த கால், நிறுத்துப் போட்டதும் நிமிர்ந்துகொண்டதே. டாக்டரம்மா என்ன சொல்வாள், சொல்லட்டும், கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்கிறது என்று சொன்னாலும் சொல்லட்டும், இன்னும் ஆறு வாரம் போடுகிறேன், அறுபது வாரம் போடுகிறேன். அண்ணன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து டயரியை வாசித்துக்கொண்டிருக்கிறார். கறிக்கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாரே, வழக்கமாக வெளியே ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்தாலே தலை முழுகாமல் உள்ளே வர மாட்டார். மெல்லக் கேட்டேன், வெந்நீர் போடவாண்ணே, குளிக்கிறீங்களா என்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், புரியாதவர் மாதிரி.

"காலையில குளிச்சிட்டுத்தானட்டி போனேன்" என்றார்.

தட்டை அவரே வாங்கி வைத்தார். ஜாங்கிரி முகத்தைப் புதைத்துத் தின்கிறான், தட்டு சிமெண்டுத் தரையில் நகர்ந்துகொண்டே போகிறது, அவனும் பின்னாலேயே போகிறான், சுவரில் போய் முட்டி நின்று ஒரு பருக்கை விடாமல் நக்குகிறான், அந்தச் சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கச்சேரி கேட்கிறவர்கள் மாதிரி நிற்கிறோம். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நமக்கு என்னட்டி காலையில?" நமக்கு? ஐயோ, நமக்கு ஒன்றுமே வைக்கவில்லை, மாவு இல்லை, காய் எல்லாம் இவன் சட்டிக்குள் போய்விட்டது. உப்புமாதான் அண்ணே என்றேன். ஒரு விநாடி அவர் முகம் தொங்கியது பாருங்கள், பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஜாங்கிரி ஈர மூக்கோடு எங்களை மாறி மாறிப் பார்க்கிறான். உள்ளே போய் ரவையை வறுக்கிறேன். கடுகு வெடிக்கிறது. ஜன்னல் வழியாக அவன் ஓடுகிற சத்தம் வருகிறது, தட தடவென்று, நாலு காலும் தரையில் விழுகிற சத்தம், பின்னாலேயே அண்ணன் செருப்புச் சத்தம். தண்ணீர் கொதிக்கிறது. உப்புப் போட்டேனா இல்லையா? நினைவில்லை. போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் இன்றைக்கு அண்ணன் தின்பார்.